கையுறை தகட்டுக்குத்தான்

என் அக்கா ரேணுகாவின் கணவர் ராமதாஸ் ஒருநாளும் இன்ஜினீயராக இருந்தவரில்லை. மறைமலை நகரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஸ்டோர்ஸின் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்டு வருகிறவர்களுக்கு நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதில் குறைவு ஒன்றுமில்லை. நட்டு எடுத்துக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். ஆனால் திருக்கழுக்குன்றத்தில் அவர் வீட்டு வாசல் சுவரில் 'இன்ஜினீயர் எம். ராமதாஸ்' என்று கருங்கல்லில் தங்க எழுத்தில் வெட்டிப் பதித்திருந்தது. மிக்சி ஓடவில்லை என்று தெருக்காரர்கள் யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், "இதெல்லாம் ரிப்பேர் சைடு. நான் டிசைன் சைடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

தொழிற்சாலை கை மாறியபோது பழைய ஆட்களுக்கெல்லாம் செட்டில்மென்ட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா மட்டும் தானாக ராஜினாமா செய்ததாகவும், நிர்வாகம் போகாதே என்று கெஞ்சியதாகவும் ஊரில் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை செல்போன் பார்ப்பது. குடும்பத்தை நடத்தியது அக்கா. இட்லி மாவு அரைத்து, வாளிகளை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குப் போட்டுவிட்டு வருவாள். அந்த மாவில் சுட்ட இட்லியைத் தின்றுகொண்டே மாமா உலகத்தின் எரிபொருள் நெருக்கடியைப் பற்றிக் கவலைப்படுவார்.

நான் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். அதனால்தான் இதில் நானும் வந்து மாட்டினேன். ஒருநாள் மாமா கடைக்கு வந்து, "மச்சான், ஞாயித்துக்கெழம வேன எட்த்துகினு வா. ஒரு ட்ரெய்னிங் கீது. மத்தியான சாப்பாடும் கீது" என்றார். சாப்பாட்டை நம்பிப் போனேன்.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் நடந்த கல்யாணத்தின் பூ இன்னும் மேடையில் வாடிக் கிடந்தது. அதற்கு மேல் 'தண்ணீரே எரிபொருள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் பேசினார். அவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் எவர்சில்வர் தகடுகளை அடுக்கி மின்சாரம் விட்டால் ஹைட்ரஜன் பிரிந்து வரும், அதை இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் பாதி மிச்சம், கொஞ்ச நாளில் பெட்ரோலே வேண்டாம் என்றார். மண்டபத்தில் ரிட்டையர்டு வங்கி மேனேஜர் இருந்தார், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இருந்தார், அரிசி மில்காரர்கள் இருந்தார்கள். கத்தரிக்காய்க் கடையில் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆட்கள். அங்கே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து, "சார், அந்த மின்சாரமே இன்ஜின் ஓடித்தானே வருது? அப்போ மிச்சம் எங்கேருந்து வரும்?" என்று கேட்டார்.

டாக்டர் அவரைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். "இந்த மாதிரி கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் சார் நம்ம நாடு இன்னும் முன்னேறாம இருக்கு."

மண்டபம் கைதட்டியது. எல்லோருக்கும் மேலாக மாமா தட்டினார். கேட்டவர் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தி ரகசியத்தைச் சொன்னார். ஊர் உலகத்தில் இதைச் செய்து பார்த்துத் தோற்றவர்கள் எல்லோரும் தோற்றது தகட்டில்தானாம். தகட்டைப் பக்குவப்படுத்தத் தெரிய வேண்டும். தேய்க்க வேண்டும், கழுவ வேண்டும், ஊற வைக்க வேண்டும், மின்சாரம் விட்டுப் பழக்க வேண்டும். கை மட்டும் படக்கூடாது. மனிதக் கையில் இருக்கும் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் தகடு செத்துவிடும். மாமா இதைக் கேட்டுத் தலையாட்டியபோது அவர் கண்ணில் ஒரு பளபளப்பைப் பார்த்தேன். வாஷர் எடுத்துக் கொடுத்த அத்தனை வருஷமும் யாரும் அவரிடம் ரகசியம் சொன்னதில்லை.

மறுநாளே பூஞ்சேரிக்குப் போனோம். அங்கே ஸ்டான்லி என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். ஈசிஆர் பக்கத்து ஓட்டல்களுக்கு எவர்சில்வர் சிங்க், சமையல் மேடை, புகைக்கூண்டு எல்லாம் அவர் செய்வதுதான்.

"முன்னூத்திப் பதினாறு எல் தகடு வேணும்" என்றார் மாமா, மந்திரம் சொல்வதுபோல.

"கீது சார். கடலோர ஓட்டலுக்கு அதான போடுறோம், துரு ஏறக்கூடாதுன்னு. சிங்க்குக்கு வந்த ஷீட்ல மிச்சம் கீது. இன்னாத்துக்கு சார்?"

"ரிசர்ச்."

ஸ்டான்லி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

தகடுகளைச் சதுரமாக வெட்டி முடித்ததும், ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று ஸ்டான்லி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மாமா துள்ளி எழுந்தார். "யோவ், தொடாத! கை எண்ணெ பட்டா போச்சி!"

"தொட்டுகினுதான சார் வெட்னேன். தொடாம எப்டி வெட்றது?"

"அது முன்னாடி. இனிமே யாரும் தொடக்கூடாது."

தகடுகளை அக்காவின் முகூர்த்தப் புடவையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். புடவை பீரோவில் வெறுமனே கிடந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சடங்கு தொடங்கியது. முதலில் எமரித் தாளால் தகட்டின் இரண்டு பக்கமும் தேய்ப்பது. ஒரு பக்கமாக இழுத்துத் தேய்த்து, பிறகு குறுக்கே தேய்த்து, பாய் பின்னல்போலக் கீறல் விழவேண்டும். அந்தக் கீறலில்தான் குமிழி பிடித்து ஏறும் என்பார். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுவது. பிறகு சூடான தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற வைப்பது. பிறகு என் கடையிலிருந்து கேன் கேனாக வந்த டிஸ்டில்டு வாட்டரில் அலசுவது. பிறகு ரப்பர் வளையம் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கி, போல்ட் போட்டு முறுக்கி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, என் கடை பேட்டரியில் இணைத்து மணிக்கணக்காக ஓடவிடுவது. தண்ணீர் பழுப்பாகும். மேலே நுரைபோல ஓர் ஏடு படியும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓடவிடுவது. பழுப்பு நிற்கும்வரை இப்படியே.

"பாரு மச்சான், அழுக்கு எப்டி வெளிய வருதுன்னு" என்று பெருமையாகக் காட்டுவார். அது அழுக்கில்லை, தகடே கரைந்து வருகிறது என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. அந்தத் தண்ணீரைக் கொல்லையில் முருங்கையடியில் கொட்டினார். முருங்கை இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி, மொட்டையாகி நின்றது. அக்கா கேட்டபோது, அது வெயில் என்றார்.

இதெல்லாம் நடந்த இடம் பூஜையறை. வீட்டிலேயே தூசி இல்லாத இடம் அதுதான் என்று சாமிப் படங்களைக் கூடத்துக்கு மாற்றினார். அக்கா மாதத்தில் சில நாட்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். விஞ்ஞானத்துக்கு அது எதற்கு என்று நான் கேட்டேன். "வைப்ரேஷன் மச்சான், உனுக்குப் புரியாது" என்றார். சாமி இருந்தபோதுகூட அவ்வளவு மடி பார்த்ததில்லை அவர்.

கடைசியில் குமிழி வந்தது. அது வரத்தான் செய்யும். எந்தத் தகட்டைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் விட்டாலும் வரும். மாமா அந்தத் தகட்டு அடுக்கை, அவர் பாஷையில் 'செல்', அக்காவின் மொபெட்டில் பொருத்தி, குழாயை இன்ஜினுக்குள் விட்டு, மாமல்லபுரம் போய் வந்தார். மைலேஜ் கிட்டத்தட்ட இரண்டு பங்கு என்று அறிவித்தார். முன்னெல்லாம் அந்த வண்டி அக்காவையும் மாவு வாளிகளையும் சுமந்து மூச்சிரைக்க ஓடியது. சோதனை நாளில் மாமா மட்டும் தனியாக, செல் குலுங்கிவிடக் கூடாதே என்று மாட்டுவண்டிக்கு வழிவிட்டு நகர்ந்து போனார். இதை நான் சொன்னபோது, "பொறாம மச்சான்" என்றார்.

சொல்லி வைத்தாற்போல ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள். வாசல் கல்வெட்டிலிருந்து தொடங்கிப் படம் எடுத்தார்கள். 'கிராமத்து விஞ்ஞானியின் புரட்சி' என்று போட்டார்கள். திருக்கழுக்குன்றம் கிராமம் இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கிராமம் என்றால்தான் ஓடும். அதற்குப் பிறகு வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது. மதுராந்தகத்திலிருந்தும் வேடந்தாங்கல் பக்கமிருந்தும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் வந்தார்கள். மண்டபத்தில் பார்த்த அதே பேராசிரியர் வந்து மாமாவோடு போட்டோ எடுத்துக்கொண்டார். பாடம் நடத்தும் கல்லூரியில் அவர் என்னதான் சொல்லிக் கொடுக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரே போனில் கூப்பிட்டு, "பக்குவப்படுத்தின தகடு நீங்களே சப்ளை பண்ணுங்க, ராமதாஸ்" என்றார். தகட்டுக்கு ஆர்டர் குவிந்தது.

இப்போது தேய்க்க மாமாவுக்கு நேரமில்லை. விஞ்ஞானிக்குப் பேட்டி கொடுக்கவே பொழுது சரியாக இருந்தது. பின்தெருவிலிருந்து சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்தார். அவள் கணவன் முனிசாமி திருவிடந்தையில் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன். அவள் நூறு நாள் வேலைக்குப் போவாள், அது இல்லாத நாட்களில் கிடைத்த வேலைக்குப் போவாள். நன்றாகச் சிரிப்பாள், சத்தமாகப் பேசுவாள். அக்காவுக்கு அவளைப் பிடிக்கும்.

தகடு தேய்க்க மெல்லிய பிளாஸ்டிக் கையுறை கொடுத்திருந்தார் மாமா. எமரித் தாளில் அது கொஞ்ச நேரத்தில் கிழிந்துவிடும். கிழிந்த விரல் வழியாகக் காஸ்டிக் தண்ணீர் உள்ளே போய் தேங்கும். நான் ஒருநாள் டிஸ்டில்டு வாட்டர் இறக்கப் போனபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"சார், கையெல்லாம் எரியுது சார். ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவங்க போடுவாங்களே, தடியா ரப்பர் கையொற, அது வாங்கித் தாங்க."

"அதுக்குள்ள பவுடர் இருக்கும். தகட்டுல ஒட்டிக்கும்."

"எனுக்கு எரியுதுன்றேன் சார்."

"இன்னாமா நீ, சொன்னா புரியாதா? கையொற தகட்டுக்குத்தான், உன் கைக்கு இல்ல. கிழிஞ்சா ஓரத்தப் புட்ச்சிக்க, நடுவுல தொடாத."

அவள் குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். கை சிவந்து, தோல் வெளுத்து உரிந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளேயிருந்து தேங்காய் எண்ணெய் கிண்ணத்தோடு வந்தாள். மாமா அலறினார்: "எண்ணெய உள்ள எட்த்துகினு வராத!"

அக்கா நின்றாள். கிண்ணத்தை நிலைப்படியில் வைத்தாள். "இன்னாய்யா நீ மன்சன்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரமே மாவு மிஷினைக் கிளப்பிக்கொண்டு எதிர்த்த தெருவில் ஒரு கடை பிடித்து அங்கே போய்விட்டாள். சமைக்க மட்டும் வீட்டுக்கு வருவாள். மாமாவுக்கு அதில் வருத்தமில்லை. கிரைண்டர் இருந்த இடத்தில் இன்னொரு தொட்டி வைத்தார். நானே தடித்த கையுறை இரண்டு ஜோடி வாங்கிச் சின்னப்பொண்ணுவிடம் கொடுத்தேன். மாமா அதைப் பிடுங்கி வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

செயல்விளக்கம் என்று ஒரு நாள் குறித்தார்கள். மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ரிசார்ட்டின் புல்வெளியில் பந்தல், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், நடுவில் மேஜை. மேஜைமேல் மாமா செய்ததிலேயே பெரிய செல். அதிலிருந்து குழாய் கிளம்பி, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் போய், அங்கிருந்து வெளியே வந்து ஒரு பித்தளை முனையில் முடியும். அந்தப் பாட்டிலில் தண்ணீர் இருக்க வேண்டும். முனையில் எரியும் தீ பின்பக்கம் திரும்பி வந்தால், அந்தத் தண்ணீரில் விழுந்து அணைந்துபோகும். இல்லையென்றால் தீ செல்லுக்குள்ளேயே போய்விடும். இதை மாமாவே எனக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். அந்தத் தண்ணீரை அவர் கையால்தான் ஊற்றுவார், வேறு யாரையும் நெருங்க விடமாட்டார்.

சின்னப்பொண்ணு பந்தலுக்கு வெளியே தகடு கழுவும் வாளிகளோடு நின்றாள். அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாமா கேனை எடுத்துக்கொண்டு பாட்டில் பக்கம் குனிந்தார். அந்த நேரம் பார்த்து மைக்கில் டாக்டர், "நமது விஞ்ஞானி ராமதாஸ் அவர்களுக்குப் பொன்னாடை" என்றார். மாமா கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி ஒருமுறை போர்த்திப் படம் எடுத்தார்கள். டாக்டர் அவரை ஐன்ஸ்டீன் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். மாமா கண் கலங்கியபடி, தோளில் பொன்னாடை சரிய, மேஜைக்கு வந்து ஸ்விட்சைப் போட்டார். கேன் கீழேயே இருந்தது.

குமிழி கொதித்துக் கிளம்பியது. கூட்டம் ஓ என்றது. மாமா லைட்டரை முனையில் பிடித்தார்.

ஒரு மின்னல், அடுத்து முகத்தில் அறைந்தாற்போல ஒரு சத்தம். பேட்டரி வெடித்து நான் பார்த்திருக்கிறேன்; இது அதைவிடக் கூர்மையாக, காதுக்குள் ஆணி அடித்ததுபோல் இருந்தது. பாட்டில் இருந்த இடத்தில் பாட்டில் இல்லை. செல்லின் மேல்மூடி பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் மேலெல்லாம் காஸ்டிக் தண்ணீர்.

நாற்காலிகள் உருண்டன. பேராசிரியர் நாற்காலிக்கு அடியில் போக முயன்று, அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினார். டாக்டர் எல்லோருக்கும் முன்னால் கேட்டைத் தாண்டி, டீசல் காரில் ஏறிக் கிளம்பிவிட்டார். வெள்ளைக் கோட்டு கம்பியில் மாட்டிக் கிழிந்து, அதில் கொஞ்சம் அங்கேயே தொங்கியது.

நான் ஓடிப்போய் மாமாவைப் பின்னால் இருந்து கட்டிப் பிடித்து, புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பேட்டரி கடையில் ஆசிட் தெறித்தால் முதலில் செய்வது அதுதான். அக்கா குழாயைப் பிடித்து முகத்தில் அடித்தாள். மாமா கண்ணைத் திறக்க மாட்டேன் என்று கத்தினார். சின்னப்பொண்ணு மண்டியிட்டு அவர் தலையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அக்கா இமையை விரலால் பிரித்துத் தண்ணீரை விட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை விட்டுக்கொண்டே இருந்தாள்.

செங்கல்பட்டு போகும் வழியில் மாமா என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "மச்சான், கண்ணு பூடுமாடா?" என்றார் சின்னப்பிள்ளைபோல. அந்த நேரம் எனக்கு அவர்மேல் எந்த இளக்காரமும் இல்லை. "ஒண்ணும் ஆவாது மாமா" என்று சொன்னேன். அதை நான் நம்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். வலது கண் தப்பியது. இடது கண்ணின் கருவிழி பால் கட்டியதுபோல வெளுத்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்றார் டாக்டரம்மா. உண்மையான டாக்டர்.

வலி குறைந்ததும் மாமாவுக்கு வாய் திரும்பியது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் ஹைட்ரஜன் பாடம் நடத்தினார். ஒருநாள் நானும் அக்காவும் அவர் பக்கத்தில் இருந்தோம். சின்னப்பொண்ணு ஒரு பிரெட் பாக்கெட்டோடு வார்டு வாசலில் வந்து நின்றது மாமாவுக்குத் தெரியவில்லை; அது அவருடைய இடதுபக்கம்.

"தப்பு எங்கன்னு கண்டுபுட்ச்சிட்டேன் மச்சான்" என்றார்.

"பாட்டில்ல தண்ணி ஊத்தல மாமா."

"அத்தவுடு. அது ஒரு மேட்டரே இல்ல. தகடு கெட்டுப் போயிருக்கு. அந்தப் பொம்பள, சின்னப்பொண்ணு, கையொற இல்லாம தொட்டுகீறா. அவ கைரேகை பட்டுட்ச்சி. அங்கதான் ஸ்பார்க் ஆயிருக்கு. தராதரம் தெரியாதவங்கள உள்ள வுட்டது என் தப்பு."

அக்கா அவள் நிற்பதைப் பார்த்துவிட்டாள். "வாய மூடுய்யா" என்றாள். அதற்குள் சின்னப்பொண்ணு கட்டிலருகே வந்துவிட்டாள். பிரெட்டை மேஜையில் வைத்தாள். அதுவரை அவரை 'நீங்க' என்று தவிர அழைத்திராதவள், முதல் தடவையாக 'நீ' என்று பேசினாள்.

"ஆமா, தொட்டேன். தெனமும் தொட்டேன். நீ குட்த்த கவரு கிழிஞ்சிப் போனா இன்னா பண்றது, பல்லாலயா தேய்க்கிறது? ரேகை பட்டுட்ச்சின்றியே, இங்க பாரு." இரண்டு கையையும் விரித்து அவர் நல்ல கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். "எங்க கீது ரேகை? காட்டு. ரேஷன் கடையில மிஷினு மேல வெரல வெச்சா எடுக்க மாட்டேங்குது. தொடச்சி வெச்சி, ஈரம் பண்ணி வெச்சி, பத்து வெரலும் வெச்சிப் பாத்தாங்க. ரேகையே இல்லம்மான்னு சொல்லி அனுப்சிட்டாங்க, அரிசி போடல. மிஷினுக்கே ஆப்டாத ரேகை உன் தகட்டுல மட்டும் எப்டிய்யா வந்து குந்திச்சி?"

அந்த விரல்களை அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நுனியெல்லாம் தேய்ந்து, வழவழவென்று, கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தன. எமரித் தாளும் காஸ்டிக்கும் சேர்ந்து தகட்டில் கீறல் போட்டு, கையில் இருந்ததை அழித்திருந்தன.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "தூக்கம் வருது" என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. மன்னிப்பு என்கிற ஒன்று அந்த ஸ்டோர்ஸில் ஸ்டாக்கே இல்லை.

அக்கா சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே கூட்டிப்போனாள். தோல் டாக்டரிடம் சீட்டு வாங்கிக் காட்டினாள். மருந்து போட்டு, தண்ணீர் படாமல் வைத்திருந்தால் மெதுவாகத் திரும்பி வரலாம் என்றார்கள். ரேஷன் கடையில் அக்கா போய்ச் சண்டை போட்டாள். கண்ணைப் பதிவு செய்கிற கருவி வந்திருக்கிறது, அதில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். விட்டுப்போன அரிசிக்குப் பதில் சொல்ல ஆளில்லை. இப்போது சின்னப்பொண்ணு அக்காவின் மாவுக் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். தண்ணீரில் கை வைக்கிற வேலையை அக்கா அவளுக்குக் கொடுப்பதில்லை.

மாமா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அக்கா பூஜையறையைக் காலி செய்துவிட்டாள். ஸ்டான்லியைக் கூப்பிட்டு எல்லாத் தகட்டையும் எடுத்துப்போகச் சொன்னாள். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "ஷோக்கான ஷீட்டு அக்கா. இப்டி நாஸ்தி பண்ணி வெச்சிகீறாரே" என்றார். பழைய இரும்பு விலைக்குக்கூடப் பேரம் பேசாமல் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் மாமாவைப் பற்றி இவ்வளவு கடுமையாக நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கண் போனவரை ஏன் ஏச வேண்டும்?

சில மாதம் கழித்து டாக்டரின் புதுப் படம் ஒன்று வந்தது. மாமல்லபுரத்து வெடிப்பைத்தான் வெட்டிப் போட்டிருந்தார். மின்னலும் சத்தமும் மட்டும். மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்பது இல்லை, டாக்டர் ஓடுவது இல்லை. மேலே எழுத்து ஓடியது: 'ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இவ்வளவு சக்தி!' கீழே திண்டிவனத்தில் அடுத்த பயிற்சி முகாம் என்று தேதி. வழக்கு போடலாம் மாமா என்று நான் கொதித்துக்கொண்டு போனேன். மாமா போனை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாரு மச்சான், அந்தக் கை என்னுது. லைட்டர் வெச்சிகினு கீது பாரு" என்றார். "எம்மாம் பேரு பாத்துகீறாங்க தெரியுமா?"

முகாம் நாளன்று இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வேன் வேண்டும் என்றார். கிளட்ச் போய்விட்டது என்றேன். கடை வாசலில் வேன் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய் பஸ் ஏறினார்.

சாயங்காலம் அக்கா வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாமா கழுத்தில் மாலையோடு வந்து கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்களாம். டாக்டர் மேடைக்குக் கூப்பிட்டு, ஹைட்ரஜனுக்காகக் கண்ணையே கொடுத்த தியாகி என்று அறிமுகப்படுத்தினாராம். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியதாம். இரண்டு பேர் காலில் விழுந்தார்களாம்.

"எல்லாரும் எந்துர்ச்சி நின்னாங்க ரேணுகா. எல்லாரும்."

அக்கா துடைப்பத்தோடு அவர் எதிரே நின்றாள். நிஜமாகவே ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"காலத் தூக்கு" என்றாள். "கீழ பெருக்கணும்."